ஆறாவது பாட்டு வரைக்கும்

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். வேலுவின் ஆல்பத்தில் ஒன்பது பாட்டு. நான் கேட்டது ஆறு. கேட்டுவிட்டுப் பத்துக்கு நாலு போட்டேன்.

ஐந்து வருஷமாக இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் அப்படி ஒன்றும் கெட்டிக்காரன் இல்லை, ஆனாலும் என் புளுகு ஐந்து வருஷம் தாங்கியது. ஏன் என்றால் யாரும் என்னைச் சந்தேகப்படவே இல்லை. எங்கள் நாலு பேரில் நான்தான் நேர்மையானவன் என்று பெயர் வாங்கியிருந்தேன். பெயர் வாங்குவது எவ்வளவு சுலபம் பாருங்கள், நாலு பேரைக் கடுமையாகத் திட்டினால் போதும்.

நாலு பேரையும் சொல்லிவிடுகிறேன். நான் சேஷு. டெல்லி துவாரகாவில் வீடு, பாராகம்பா ரோட்டில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. யாருடைய கிளெய்ம் நிஜம், யாருடையது டூப்பு என்று சலித்துப் பார்ப்பதுதான் உத்தியோகம் என்பதால் வாய் கொஞ்சம் நீளம். வேலு ஜனக்புரி தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்ச். அவன் அப்பாவும் அம்மாவும் விழுப்புரம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு டெல்லி வந்தவர்கள், ரயில் பாதையோரம் கேம்ப் என்று சொல்லும் ஒரு குடிசைப் பகுதியில் குடியிருந்தார்கள். வேலு ஏசி மெக்கானிக். அபூர்வா டெல்லியிலேயே பிறந்தவள், நொய்டாவில் ஒரு செய்திச் சேனலில் எடிட்டர். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள். மது திருநெல்வேலிக்காரன். ஆராய்ச்சி செய்ய வந்தான், ஆராய்ச்சி முடியவில்லை, ஊருக்குத் திரும்பவும் மனசில்லை. முனிர்காவில் மூன்றாவது மாடி அறையிலேயே தங்கிவிட்டான். அந்த அறைதான் எங்கள் கோர்ட்.

கோர்ட் என்றுதான் சொல்வோம். ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் கூடுவோம். ஒரு ராப் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசி வரைக்கும் ஒன்றைக்கூடத் தாண்டாமல் கேட்க வேண்டும். நாலு பேர் போனையும் மது தன் அஞ்சு லிட்டர் குக்கருக்குள் போட்டு மூடிவிடுவான். பாட்டு அவன் லேப்டாப்பிலிருந்து ஸ்பீக்கரில் ஓடும். நடுவில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முடிந்ததும் ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் பத்துக்கு எவ்வளவு என்று எழுதி மடித்து வைக்க வேண்டும். நாலும் வந்த பிறகுதான் பிரிப்போம். பிரித்த பிறகு மாற்றுவதற்கில்லை. ஐந்து வருஷம் கழித்து அதே ஆல்பத்தை மறுபடி கேட்டு மறுபடி மார்க் போடுவோம், அதுதான் இறுதித் தீர்ப்பு. வந்த புதிதில் எல்லாப் பாட்டும் நன்றாகத்தான் இருக்கும், ஐந்து வருஷம் தாங்குகிறதா என்பதுதான் கேள்வி.

என் அம்மாவுக்கு இது தாங்காது. "ஆத்துல ஃப்யூஸ் போன பல்ப மாத்த ஆளில்ல. எவனோ அமெரிக்காக்காரன் கத்தறதுக்கு மார்க் போட முனிர்கா வரைக்கும் போறானாம்" என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்லி அனுப்புவாள். அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது? எட்டாம் வகுப்பில் நான் சைபர் கஃபேயில் பாட்டு வரிகளை அச்செடுத்து வருவேன். மதிய இடைவேளையில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு நானும் வேலுவும் கேட்போம். அவனுக்கு இங்கிலீஷ் வராது, நான் வரிக்கு வரி அர்த்தம் சொல்வேன். தண்ணீர் வராத தெரு, ராத்திரி வரும் போலீஸ், வேலைக்குப் போன அம்மா திரும்பி வரும்வரை பூட்டிய வீடு. "அரே, இது எங்க கேம்ப்புடா, இவன் எப்ப இங்க வந்தான்?" என்று கேட்டான் வேலு. அன்றைக்கு ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் அவனே எழுதத் தொடங்கினான், பாதித் தமிழ், பாதி இந்தி, நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில்.

இருபத்தெட்டு வயதில், லாக்டவுன் நேரத்தில், கேம்ப் வீட்டில் ரஜாயை, அந்தக் கனத்த பஞ்சுப் போர்வையை, தலையோடு போர்த்திக்கொண்டு போனிலேயே பதிவு செய்து ஒரு முழு ஆல்பம் போட்டான். வெளிச்சத்தம் கேட்காமல் இருக்கத்தான் ரஜாய். ஜூன் மாத வெயிலில் தொடங்கி அக்டோபர் வரைக்கும் ரஜாய்க்குள் புகுந்துகொண்டு பாடினான்.

அப்போது கோர்ட் கூட முடியாது. அவரவர் வீட்டில் தனியாகக் கேட்டு, சனிக்கிழமை ராத்திரிக்குள் வாட்ஸப் குழுவில் மார்க்கை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். குக்கர் கிடையாது, கண்காணிப்பு கிடையாது, நம்பிக்கை மட்டும்தான். அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை வேலு ஆல்பத்தை ஏற்றிவிட்டுக் குழுவில் எழுதினான்: "கோர்ட்டுக்கு என் கேஸ். தெரிஞ்சவன்னு சலுகை வேணாம். முக்கியமா சேஷு."

அன்று ஆபீஸ் போகும் வழியில், மெட்ரோவில், ஒரு சீட் விட்டு ஒரு சீட்டில் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த காலம், உத்தம் நகர் ஸ்டேஷனில் முதல் பாட்டைப் போட்டேன். நன்றாக இல்லை. சத்தியமாக நன்றாக இல்லை. சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாதவன் பாட்டில் நாலு கார் வைத்திருந்தான். கழுத்தில் சங்கிலி, சுற்றிலும் எதிரிகள், குரல்கூட அமெரிக்காக்காரன் மாதிரி மூக்கால் வந்தது. ஆறு பாட்டும் அப்படியே. கரோல் பாக் வந்தபோது மணி ஒன்பதரை. அந்த நிமிஷம் அமெரிக்காவில் நள்ளிரவு, மூன்று வருஷமாக நான் காத்திருந்த ஒரு பெரிய ஆளின் ஆல்பம் வெளியானது. போன் அதிர்ந்தது. வேலுவை ஆறோடு நிறுத்திவிட்டு அந்த ஆளுக்குத் தாவினேன். மிச்சம் மூன்றைச் சாயங்காலம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் கேட்கவில்லை. அந்தப் புது ஆல்பத்தையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு வேலுவின் ஞாபகம் வந்தது. ஆறு பாட்டு இப்படி என்றால் மூன்று பாட்டு வேறெப்படி இருக்கும், ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். குழுவில் எழுதினேன்: "4. இரவல் சட்டை. துணி நல்ல துணி, அளவுதான் வேற ஆளோடது." எழுதிவிட்டு அந்த வரியை நானே இரண்டு முறை படித்து ரசித்தேன். செருப்பால் அடிக்க வேண்டும் என்னை.

அபூர்வா எட்டு போட்டிருந்தாள், மது ஏழரை. வேலுவிடமிருந்து பத்து நிமிஷம் கழித்து வந்தது: "அச்சா. தேங்க்ஸ்டா சேஷு." அவ்வளவுதான்.

ஐந்தாவது நிமிஷம் அபூர்வா போன் செய்தாள். "சேஷு, யோசிச்சுதான் அந்த நம்பர் போட்டியா?"

"யோசிக்காம போடுவேனா?"

"ஃபுல்லா கேட்டியா? லாஸ்ட் வரைக்கும்?"

"என்ன கேள்வி இது? கேட்டேன், ஃபுல்லா கேட்டேன்."

"சரி சேஷு. உன் மனசு கல்லு. நானா இருந்தா பண்ணிருக்க மாட்டேன்" என்று வைத்துவிட்டாள். நண்பனுக்குக் குறைவாகப் போட்டதைத்தான் சொல்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஒரு மாசம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பெரிய நீதிபதி போல எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேலு ஆல்பத்தை இணையத்திலிருந்து எடுத்துவிட்டான். திங்கட்கிழமை ஒரு ஏசி கம்பெனியில் நிரந்தர வேலையில் சேர்ந்தான். ஏன்டா எடுத்தே என்று கேட்டபோது, "வேல வந்துடுச்சுடா, இனிமே டைம் எங்க" என்றான். அதோடு மிச்சம் மூன்று பாட்டைக் கேட்கும் வழியும் அடைந்துபோனது. ஒரு காப்பி குடு என்று கேட்க முடியுமா? ஃபுல்லா கேட்டேன் என்று சொன்ன வாய் அல்லவா?

அதற்குப் பிறகு வேலு எழுதவில்லை. கோர்ட்டுக்கு மட்டும் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்தான். மற்றவர்கள் போட்ட மார்க்கைப் பற்றிச் சண்டை வந்தால் அவன் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "சேஷு சொல்றத கேளுங்க. அவன் கூடப்பொறந்தவனுக்காகவும் பொய் சொல்ல மாட்டான்." ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சுக்குள் முள் நகரும். இரண்டாம் அலையில் அவனுக்குக் கொரோனா வந்து பதினேழு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிழைத்து வந்தான், மூச்சு மட்டும் பழையபடி வரவில்லை. ஏசி அவுட்டோர் யூனிட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியாது என்பதால் கம்பெனியில் அவனைப் போனில் புகார் வாங்கும் சீட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

இந்த வருஷம் அக்டோபரில் ஐந்து வருஷம் முடிந்தது. அபூர்வா தேதியைக் குறித்து வைத்திருந்தாள். "வேலுவோட ஆல்பம் ட்யூ" என்று குழுவில் எழுதினாள். வேண்டாம் என்பான் என்று எதிர்பார்த்தேன். "சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான். பென்டிரைவ்ல இருக்கு, எடுத்தாறேன்" என்று பதில் போட்டான்.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. இந்த முறை ஒன்பதையும் கேட்டு, மார்க்கை ஏற்றி, அவனை மறுபடி எழுத வைக்க வேண்டும். நாலால் நிறுத்தினவன் எட்டால் ஆரம்பிக்க மாட்டானா? பாட்டு எப்படி இருந்தாலும் எட்டுக்குக் குறையக் கூடாது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்பினேன். கேஸைக் கேட்கும் முன்பே தீர்ப்பு எழுதுவது எனக்குப் புதிதா என்ன?

தீபாவளி முடிந்த அடுத்த ஞாயிறு. வெளியே புகை கண்ணைக் கரித்தது. மது ஜன்னல் இடுக்கில் ஈரத் துண்டைத் திணித்து வைத்திருந்தான். வேலு வரும்போது மூன்று மாடி ஏறிய இளைப்பில் ஐந்து நிமிஷம் பேசவில்லை, கையைக் காட்டி "இருங்க" என்று மட்டும் சொன்னான். தண்ணீர் குடித்துவிட்டுப் பென்டிரைவை மதுவிடம் கொடுத்தான்.

"வேய், இத கேட்டு முடிச்சதும் நீ மறுபடி பாட ஆரம்பிச்சிருவ பாத்துக்கோ" என்றான் மது.

"மூச்ச நீ குடுக்கறியா?" என்று சிரித்தான் வேலு. சிரித்ததிலேயே இருமல் வந்துவிட்டது. நான் அப்போதே கொஞ்சம் பயந்தேன். ஆனாலும் பாட முடியாவிட்டால் என்ன, எழுதலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன்கள் குக்கருக்குள் போயின. பாட்டு ஆரம்பித்தது.

முதல் ஆறும் நான் நினைவில் வைத்திருந்ததைவிட மோசமாக இருந்தன. அந்த நாலு கார், அந்தச் சங்கிலி. வேலு தரையைப் பார்த்துக்கொண்டு தன் பாட்டுக்குத் தானே தலையில் கை வைத்தான். ஒரு இடத்தில் மதுவுக்குச் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டான். ஆறாவது முடிந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இனி வருவது எனக்கு முதல் தடவை என்று யாருக்கும் தெரியாது.

ஏழாவது பாட்டு தொடங்கியதும் அந்த மூக்குக் குரல் போய்விட்டது. வேலுவே பேசினான். எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிற வேலு. தண்ணி டேங்கர் வருகிற அன்றைக்கு அவன் அம்மா பொன்னம்மாள் வேலைக்கு லீவு சொல்லி, குடத்தோடு வரிசையில் நின்று, அடுத்த நாள் அந்த வேலையையே இழந்து திரும்பி வந்து நின்ற கதை. அம்மாவின் பேச்சையே தாளமாக்கியிருந்தான். பின்னணியில் இசைக் கருவியே இல்லை, காலிக் குடத்தில் தட்டுகிற சத்தம் மட்டும். எட்டாவதில் அவன் அப்பா ராமன், தான் கட்டிய மாலுக்குள் செக்யூரிட்டி விடாமல் வாசலில் நிற்கிறார். கோபமே இல்லாமல் சொல்லியிருந்தான். அதுதான் தாங்க முடியவில்லை.

அடப்பாவி, இதையா நான் கேட்காமல் விட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். நான் எழுதிய வரிதான் காதில் ஓடியது. இரவல் சட்டை. இவன் சட்டையே போடாமல் வெறும் உடம்போடு நின்றிருக்கிறான், நான் பார்க்கக்கூட இல்லை.

அப்புறம் ஒன்பதாவது. ரொம்ப மெல்லிய குரல், ரஜாய்க்குள்ளிருந்து வருகிற மூச்சுக்கூடக் கேட்டது.

"ஒரே வயரு ரெண்டு காது, பாதி உனக்கு, பாதி எனக்கு,
பாட்டு முடிஞ்சும் எழுந்திரிக்க மாட்ட, அதாண்டா உன் கணக்கு.
கம்பெனிக்காரன் கூப்புடுறான், திங்கக்கெழம சேரணுமாம்,
சேந்துட்டா மைக்க மூட்ட கட்டி பரண்மேல போடணுமாம்.
அம்மாவ கேட்டா அழுவும், அப்பாவ கேட்டா திட்டும்,
உன்ன கேட்டாதான் சேஷு, உள்ளது மட்டும் கிட்டும்.
அஞ்சுக்கு மேல நீ போட்டா வேல வேணாம், எழுதுறேன்,
அஞ்சுக்கு கீழ நீ போட்டா வாய மூடி ஒதுங்குறேன்."

என் பெயரைக் கேட்டதும் முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது. அவன் என்னிடம் கேட்டிருக்கிறான். ஆல்பத்தின் கடைசியில், கடைசி வரைக்கும் கேட்பவன் என்று நம்பி, தன் பிழைப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு வைத்திருக்கிறான். நான் நாலு என்று பதில் சொல்லியிருக்கிறேன். அபூர்வா அன்றைக்கு ஏன் அப்படிக் கேட்டாள், ஏன் கல்லு என்றாள், வேலு எதற்குத் தேங்க்ஸ் சொன்னான், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. இவர்கள் மூன்று பேரும் ஐந்து வருஷமாக நான் தெரிந்தே சொன்னதாக நினைத்துக்கொண்டு என்னோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார்கள்.

பாட்டு நின்றது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. மது காகிதத்தைக் கிழித்து ஆளுக்கொன்று கொடுத்தான். இரண்டாம் முறை கேட்கும்போது ஆல்பத்துக்குச் சொந்தக்காரனும் மார்க் போடலாம் என்று அபூர்வா சொன்னாள். ஒன்பது என்று எழுதினேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த எட்டு இல்லை, இது நிஜமான ஒன்பது. அந்தக் கடைசி மூன்று பாட்டுக்காக எதுவும் போடலாம்.

பிரித்தோம். மது எட்டு. அபூர்வா ஒன்பது. அடுத்து வேலுவின் காகிதம். அதில் நாலு என்று இருந்தது.

"என்னலே இது?" என்றான் மது.

வேலு சிரித்தான். நிதானமாகத்தான் பேசினான், இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு. "நெசம்தான சொல்றேன். அன்னைக்கு எனக்கு ரொம்ப வலிச்சுதுடா சேஷு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு நாளு சோறு எறங்கல. அப்பறம் யோசிச்சேன். இவ்ளோ தெரிஞ்சவன், என்கூட உக்காந்து வளந்தவன், என் கேள்வியயும் கேட்டுட்டு, அப்பறமும் நாலுன்றான்னா எவ்ளோ கஷ்டப்பட்டு சொல்லிருப்பான். என் நல்லதுக்குதான் சொல்லிருக்கான். நான் பாட்டுக்காரன் இல்ல, மெக்கானிக்கு. அத தெரிஞ்சிக்கவே நெறய பேருக்கு அம்பது வயசாவுது. எனக்கு உன்னால இருபத்தெட்டுல தெரிஞ்சிடுச்சு. பொண்டாட்டி, புள்ள, பி.எஃப்., எல்லாம் வந்துச்சு. நான் உன்கிட்ட கோவமா இல்லடா."

அபூர்வா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. வாயை மூடிக்கொண்டிரு சேஷு என்று ஒரு மனசு சொன்னது. அவன் நிம்மதியாக இருக்கிறான், கெடுக்காதே என்றது. அது நல்லெண்ணமா கோழைத்தனமா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் மது அதற்குள் என் காகிதத்தைப் பிரித்துவிட்டான்.

"ஒம்பது" என்று படித்தான்.

வேலுவின் முகம் மாறியது. "ஒம்பதா?"

நான் தலையாட்டினேன்.

"அன்னைக்கு நாலு, இன்னைக்கு ஒம்பது. பாட்டு மாறலியேடா, அதே பென்டிரைவுதான்." குரல் கொஞ்சம் உயர்ந்தது. "இவனுக்கு மூச்சு போயிடுச்சு, பாவம், கெழவனாட்டம் மாடி ஏறுறான், ஒம்பது போடுவோம்னு போட்டியா? உன்கிட்ட நான் அத கேட்டனா? எல்லாரும் பாவம் பாக்கறாங்க. நீயுமா?"

"பாவம் பாத்து போடலடா. சத்தியமா இல்ல."

"அப்ப அன்னைக்கு போட்டது பொய்யா?"

இதற்கு மேல் மறைக்க வழியில்லை. அவனுக்காகச் சொன்னேன் என்று பிற்பாடு எனக்கு நானே நிறைய சொல்லிக்கொண்டேன், ஆனால் நிஜம் என்னவென்றால் அவன் என்னை அப்படிப் பார்த்ததை என்னால் தாங்க முடியவில்லை. "நான் கேக்கலடா" என்றேன்.

"என்னா கேக்கல?"

"கடைசி மூணு பாட்டு. இன்னைக்குத்தான் முதல் தடவையா கேக்கறேன். ஆறாவதோட நிறுத்திட்டேன். நீ என்கிட்ட கேள்வி கேட்டிருக்கறதே எனக்குத் தெரியாது."

அபூர்வா எழுந்து நின்றுவிட்டாள். "நான் போன்ல கேட்டேன் சேஷு. ஃபுல்லான்னு கேட்டேன். நீ ஹான்னு சொன்ன."

"ஆமா. பொய் சொன்னேன்."

வேலு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கத்துவான், அடிப்பான் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் தரையில் கிடந்த தன் காகிதத்தை எடுத்துப் பார்த்தான்.

"ஆறு வரைக்கும்னா நாலு கரெக்டுதான்" என்றான். "நானும் அதுதான் போடுவேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"ஏன்டா நிறுத்துன? போன் வந்துச்சா? அம்மாவுக்கு எதாச்சும் ஒடம்பு சரியில்லியா?" அவனே எனக்கு ஒரு காரணம் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அதுதான் என்னைக் கொன்றது.

"இல்லடா. ஒன்பதரைக்கு அந்த அமெரிக்கா ஆல்பம் வந்துச்சு. அதுக்கு மாத்திட்டேன்."

வேலு மெதுவாகத் தலையாட்டினான். அப்புறம் யாரையும் பார்க்காமல் பேசினான். "திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கு போய் சேந்தேன். ஞாயித்துக்கெழம ராத்திரி நோட்டு எல்லாத்தயும் எடைக்கு போட்டேன். பதிமூணு நோட்டு. அம்மா கேட்டுச்சு, ஏன்டா போடறன்னு. எனக்கு பதில் வந்துடுச்சும்மான்னு சொன்னேன்."

மது குக்கரைத் திறந்து போன்களை எடுத்து ஒவ்வொன்றாகக் கட்டிலில் வைத்தான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. வேலு தன்னுடையதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வரேன் மது, வரேன் அபூர்வா" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். பென்டிரைவ் லேப்டாப்பிலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடு என்று அபூர்வா கத்தினாள், என்னைப் பார்க்காமலே.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவனைப் பிடித்தேன். சுவரில் கையூன்றி நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். முனிர்காவின் படிக்கட்டு குறுகலானது, ஒருவர் நின்றால் இன்னொருவர் தாண்டிப் போக முடியாது. நான் இரண்டு படி மேலேயே நின்றேன்.

"வேலு. மன்னிச்சிடுடா. நான் ஒரு நாயி. நீ எழுதுடா, பாட முடியலன்னா என்ன, நீ எழுது, வேற யாரையாச்சும் பாட வைக்கலாம். அந்த மூணு பாட்டு மாதிரி நான் இதுவரைக்கும் கேட்டதில்ல. ஒன்பது நிஜம்டா. அம்மா சத்தியமா நிஜம்."

அவன் மூச்சு ஒரு நிலைக்கு வரட்டும் என்று காத்திருந்தான். நான் பென்டிரைவை நீட்டினேன். வாங்கிக்கொண்டான், எங்கே வைப்பது என்று தெரியாதவன் மாதிரி கையிலேயே வைத்திருந்தான். ஐந்து வருஷம் அவன் கண்ணில் நான் பார்க்காத ஒன்று அப்போது இருந்தது. கோபம் இல்லை. வழி தெரியாத இடத்தில் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்டவனின் முகம்.

"நான் தப்பா ஒன்னும் செய்யலன்னு நெனச்சிட்டு இருந்தேன்டா" என்றான். "கேட்டேன், பதில் வந்துச்சு, நிறுத்துனேன். அவ்ளோதான். ராத்திரி படுத்தா தூக்கம் வந்துச்சு."

"இப்ப சரி பண்ணலாம்டா..."

"என்னத்த?" என்று கேட்டான். நிஜமாகவே கேட்டான்.

கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். வேலு ஒரு படி இறங்கினான், நின்றான், திரும்பாமலே பேசினான்.

"நாலுன்னே விட்டிருக்கலாம்டா சேஷு. அது ஒரு பதிலா இருந்துச்சு."